சராசரி 920

எதையும் ஒரே இடத்தில் கேட்டு முடிவெடுத்தால் எனக்குத் தூக்கம் வராது. மூன்று இடத்திலாவது கேட்க வேண்டும். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் அப்போதும் தூக்கம் வராது. ஆனால் விசாரித்துவிட்டு விழித்திருக்கிறோம் என்று ஒரு திருப்தி.

உங்களிலும் இப்படி ஆட்கள் இருப்பீர்கள். முழங்கால் வலிக்கு மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டு, மூன்று சீட்டிலும் பொதுவாக இருக்கிற மாத்திரை எது என்று தேடிய ஆள் நான். பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: மற்ற மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. மூவரும் ஒத்துக்கொண்டது அதுதானே என்று அதை மட்டும் விடாமல் சாப்பிட்டேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வயிறு பிரமாதம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் அப்ளிகேஷன், கலர் பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் உண்டு. கூடவே ஓர் இலவச சேவை: யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் இன்டர்நெட்டில் தேடிச் சொல்வது. யாரும் கேட்காமல் நானாக ஆரம்பித்த சேவை, அதனால் காசு வாங்க முடியவில்லை.

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், ஒரு கஸ்டமர் தன் போனை நீட்டி, "சார், நீங்க தேடினா ஒண்ணு மொதல்ல வருது, நான் தேடினா வேற ஒண்ணு மொதல்ல வருது. எது மொதல்?" என்று கேட்ட இடத்தில். கேள்வி நியாயமானது. நான் கொடுத்த பதில், "என்னுது பிராட்பேண்டு."

அவர் போன பிறகு அந்தக் கேள்வி போகவில்லை. ஒரு தேடுபொறியின் வரிசையை மட்டும் நம்புவானேன்? ஐந்து தேடுபொறிகளில் ஒரே கேள்வியைப் போட்டு, ஒவ்வொன்றும் தரும் முதல் பத்துப் பக்கங்களை எடுத்து, இடத்தையெல்லாம் கூட்டி, ஒரே பட்டியலாக்கினால்? கூகுள், பிங், யாஹூ, டக்டக்கோ, இகோசியா. எக்ஸெல்லில் ஐந்து காலம் போட்டேன். உலகத்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை என்று ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

1995லேயே அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எரிக் செல்பெர்க் என்ற மாணவரும் ஓரன் எட்சியோனி என்ற பேராசிரியரும் இதைச் செய்து முடித்து, மெட்டாகிராலர் என்று பெயரும் வைத்துவிட்டார்களாம். பல தேடுபொறிகளிடம் ஒரே நேரத்தில் கேட்டு, வந்ததையெல்லாம் ஒன்றாக்கித் தரும். அப்போது கூகுள் கம்பெனியே பிறக்கவில்லை. நான் டைப்ரைட்டிங் லோயரில் ஃபெயிலாகிக்கொண்டிருந்தேன்.

பரவாயில்லை, உத்திரமேரூர் வட்டத்தில் முதல் ஆள் நான்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். வேடந்தாங்கலுக்குப் போகிற வழியில் ஒரு சென்னைக் குடும்பம் ஆதார் ஜெராக்ஸுக்காக இறங்கியது. "இப்ப பறவை இருக்குமா சார்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார்கள். விடுவேனா.

என் கணக்கு எளிமையானது. முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2, பத்தாமிடத்துக்கு 10. ஐந்து காலத்தையும் கூட்டு. யாருக்குக் குறைந்த எண்ணோ அவர் முதல். அன்றைக்கு முதலாவதாக வந்தது ஏரிக்கரை ஓரம் மனை விற்கிற பக்கம். சுலபத் தவணை, வங்கிக் கடன் வசதி.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ராத்திரி பத்து மணி ஆயிற்று. ஒரு தேடுபொறி ஒரு பக்கத்தைக் காட்டவே இல்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். எக்ஸெல்லுக்குக் காலி என்றால் பூஜ்யம். ஐந்து பேரும் முதல் இரண்டு இடங்களுக்குள் வைத்த நல்ல பக்கத்துக்கு மொத்தம் 7. ஒரே ஒரு ஆள் மட்டும் ஆறாவதாக எங்கேயோ காட்டிய மனைப் பக்கத்துக்கு மொத்தம் 6. என் பட்டியலில் யாருக்கும் தெரியாமல் இருப்பவன்தான் ஜெயிப்பான். என்னை நானே பட்டியலில் சேர்த்திருந்தால் முதலிடம் எனக்குத்தான்.

அந்தக் குடும்பம் என் பிரிண்ட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டு, காரில் ஏறியதும் போனில் தேடியிருப்பார்கள். பறவைகளைப் பார்த்திருப்பார்கள். மனை வாங்கினார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம்தான், விஷயம் தெரிந்தவர்கள் எப்படிக் கூட்டுகிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன். ழான் சார்ல் டி போர்தா என்று ஒரு பிரெஞ்சுக் கடற்படைக்காரர். 1770இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒரு யோசனை சொன்னார்: பத்துப் பேரை வரிசைப்படுத்தினால் முதல் ஆளுக்கு அதிக மார்க், அடுத்தவருக்கு ஒன்று குறைவு, இப்படியே இறங்கிவா; எல்லாருடைய பட்டியலையும் கூட்டு; அதிக மார்க் வாங்கியவர் ஜெயித்தார். இதில் பட்டியலிலேயே இல்லாதவனுக்குப் பூஜ்யம் கொடுத்தால் அவன் கடைசிக்குப் போவான். நான் செய்ததும் இதேதான், தலைகீழாக. நிமிர்த்திப் பிடித்திருந்தால் போர்தா ஆகியிருப்பேன்.

இந்த முறையில் தந்திரக்காரர்கள் புகுந்து விளையாடலாமே என்று கேட்டவர்களிடம், என் முறை யோக்கியர்களுக்கானது என்று போர்தா சொன்னதாக ஒரு கதை உண்டு. இன்டர்நெட்டில், முதல் பக்கத்தில் வர வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு தொழில் இருக்கிறது. எனக்கே மாதாமாதம் போன் வருகிறது, "சார், உங்க ஷாப்பை டாப்ல கொண்டு வரலாமா?" பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிறது, இதற்கு மேல் எங்கே கொண்டுபோவது.

சிந்தியா டுவொர்க், ரவி குமார், மோனி நாவோர், சிவகுமார் என்று நாலு பேர் 2001இல் ஹாங்காங்கில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் இதற்கு வழி சொன்னார்கள். ஒரு தேடுபொறியை ஏமாற்றும் பக்கம் மற்றவற்றையும் ஏமாற்றுவது கஷ்டம். அதனால் பெரும்பான்மை எந்தப் பக்கத்தை மேலே வைக்கிறதோ அதை மேலே வை. ரவி குமார், சிவகுமார் என்ற இரண்டு பெயரையும் பார்த்ததுமே சொந்தம் கொண்டாடி, பெருமையோடு பிரிண்ட் போட்டேன். எல்லாப் பட்டியலுக்கும் மிக நெருக்கமான ஒரே பட்டியலைக் கண்டுபிடிப்பது, வெறும் நாலு பட்டியல் இருந்தாலே கணினிக்குத் திணறல் என்று அதில் நிரூபித்திருக்கிறார்கள். நான் ஐந்து வைத்திருந்தேன். என் கணினியில் விண்டோஸ் செவன்.

சுலபமான வழி ஒன்று நானே கண்டுபிடித்தேன். முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒன்று. கூட்டினால் தீர்ந்தது. இதற்கு என் கடைப் பெயரையே வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது, பசிபிக் கடலில் நவ்ரு என்று ஒரு குட்டித் தீவு. அங்கே 1971லிருந்து நாடாளுமன்றத் தேர்தலையே இப்படித்தான் எண்ணுகிறார்கள். டெஸ்மண்ட் டௌடால் என்பவர் கொண்டுவந்தது. ஒரு நாட்டையே ஆளுகிற கணக்கை நான் மனைப் பக்கத்தைக் கீழே தள்ளக் கண்டுபிடித்திருந்தேன்.

அதிலும் ஒரு கோளாறு. முதலிடத்துக்கு மவுசு ஜாஸ்தி. ஒரே ஒரு தேடுபொறி முதலாவதாக வைத்த பக்கத்துக்கு 1 மார்க். ஐந்து தேடுபொறிகளும் ஒற்றுமையாகப் பத்தாவதாக வைத்த பக்கத்துக்கு எல்லாம் சேர்த்தும் அரைதான். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்மக், கிளார்க், பியூட்சர் மூவரும் 2009இல் இதற்கு ஒரு மருந்து சொன்னார்கள். இடத்தோடு 60ஐக் கூட்டு, அப்புறம் 1ஐ அதால் வகு. முதலிடத்துக்கு 61இல் ஒன்று, பத்தாமிடத்துக்கு 70இல் ஒன்று. பெரிய வித்தியாசமே இல்லை பாருங்கள். இப்போது ஒருவர் மட்டும் முதலாவதாக வைத்ததைவிட, இரண்டு பேர் பத்தாவதாக வைத்தது மேலே வந்துவிடும். ஆர்.ஆர்.எஃப். என்று பெயர். இவ்வளவு சின்னக் கணக்கை இன்றைக்குப் பெரிய பெரிய தேடல் மென்பொருள்களெல்லாம் உள்ளே வைத்திருக்கின்றன.

ஏன் 60? முன்னோட்டமாகச் செய்து பார்த்ததில் அந்த எண் சரியாக வந்தது, அப்படியே வைத்துக்கொண்டார்கள். இதைப் படித்த அன்றுதான் அறிவியல் மேல் எனக்கு நிஜமான பாசம் வந்தது. நானும் 60 போட்டேன். மறுநாள் ஏன் 55 கூடாது என்று போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. 55க்கு மரியாதை இல்லை என்று திரும்ப 60க்கே வந்துவிட்டேன்.

இந்தப் புது ஆயுதத்துக்கு முதலில் அகப்பட்டவர், சம்பா போட்டிருந்த ஒரு பெரியவர். "பயிரு வட்டம் வட்டமா தீய்ஞ்சு போவுதுப்பா" என்றார். அவர் மேற்கொண்டு பேசுவதற்குள் நான் கீபோர்டில் இருந்தேன். தமிழில் ஒரு தேடல், ஆங்கிலத்தில் ஒரு தேடல், ஐந்து எஞ்சின், ஆர்.ஆர்.எஃப்.

தமிழ்ப் பட்டியலில் இருந்த ஒரு பக்கம்கூட ஆங்கிலப் பட்டியலில் இல்லை. பொதுவாக எதுவுமே இல்லாத பட்டியல்களை இந்தக் கணக்கில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? கல்யாணப் பந்தியில் பெண் வீட்டார் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தது மாதிரி வரும். பார்க்க நன்றாக இருக்கும், யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். குலைநோய், இலைக்கருகல், துத்தநாகக் குறை, புகையான் என்று பக்கத்துக்கு ஒரு நோய், நோய்க்கு ஒரு மருந்து. அத்தனையையும் பிரிண்ட் போட்டு ஸ்டேப்ளர் அடித்தேன்.

இதில் இன்னொரு சங்கதி. பலர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் அது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் கோரஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் சில நேரம் கூட்டத்தில் சேராத ஒருத்தன் மட்டும் சரியாகச் சொல்வான். அதற்கு டார்க் ஹார்ஸ் என்று பெயர். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் புகையானைப் பற்றி அங்குலம் அங்குலமாகச் சொல்லிவைத்திருக்கிறது: நடும்போதே இடைவெளி விடு, தண்ணீரை வடி, தழைச்சத்தை அள்ளிப் போடாதே, கண்ட பூச்சிமருந்தை அடித்தால் பூச்சி திரும்பவும் பெருகும். அதை ஒரே ஒரு எஞ்சின்தான் காட்டியிருந்தது. என் கோரஸ் அதை மூன்றாம் தாளுக்குத் தள்ளிவிட்டது.

பெரியவர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புகையான்தாம்பா. தூரைத் தட்டுனா தண்ணியில பூச்சி உதிருது. தண்ணிய வடிச்சுட்டேன், யூரியாவ நிறுத்திட்டேன். இன்சூரன்ஸுக்கு சிட்டா ஒண்ணு எடுக்கணும், அதுக்குத்தான் வந்தேன்." சிட்டாவுக்கு மட்டும் காசு கொடுத்தார். கட்டை விட்டுவிட்டுப் போனார். பின்பக்கம் காலியாக இருந்ததால் நான் அதில் கணக்கு எழுதிக்கொண்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பத்தி ஊர் வரலாற்றுக்குள் போயிருக்காது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "அண்ணா, குடவோலை ப்ராஜெக்ட். நாளைக்கு வைக்கணும்."

சோழர் காலத்தில் குடத்தில் ஓலை போட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறை அது. குடவோலை என்றால் எங்கள் ஊர். உத்திரமேரூர் என்றால் குடவோலை. 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சிலேயே எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. கோயில் என் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். நாங்கள் இரண்டு பேரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஐந்து தேடுபொறிகளில் தேடினோம்.

பக்கங்களை இணைத்து அலுத்துப் போய், இந்த முறை பதில்களையே இணைக்கலாம் என்று ஒரு படி மேலே போனேன். கல்வெட்டு எந்த வருஷம்? சில பக்கங்கள் 919 என்றன. சில 921 என்றன. 920 என்று சொன்ன பக்கங்களும் இருந்தன. கூட்டி வகுத்தேன். 920. பார், நடுநிலை என்றால் இதுதான் என்று அவளுக்குச் சொன்னேன்.

வாரிய உறுப்பினராக எத்தனை வயது இருக்க வேண்டும்? ஒரு கூட்டம் 30க்கு மேல் 60க்குள் என்றது. இன்னொரு கூட்டம் 35க்கு மேல் 70க்குள் என்றது. சராசரி முப்பத்திரண்டரையிலிருந்து 65. "அண்ணா, அரை வயசு எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். ஆறு மாதம் என்று எழுதச் சொன்னேன். லேமினேஷன் வேறு போட்டுக் கொடுத்தேன். தப்பு அழியாமல் இருக்க வேண்டுமே.

ரெண்டு நாளில் திரும்பி வந்தாள். 920ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் டீச்சர் கேட்டிருந்தார்: "எந்தக் கல்வெட்டு?"

எந்தக் கல்வெட்டு என்றால், இரண்டு கல்வெட்டு. பராந்தகன் பட்டத்துக்கு வந்தது 907. அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டில் சபை ஒரு தீர்மானம் போட்டது; அது 919. அதன்படி நடத்திப் பார்த்ததில் போதவில்லை போலிருக்கிறது, 14ஆம் ஆட்சியாண்டில் திருத்தி, இன்னும் விவரமாக இரண்டாவது தீர்மானம் போட்டார்கள், அது 921. முதல் தீர்மானத்தில் 30க்கு மேல் 60க்குள். இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள். 919 சரி. 921 சரி. நான் இரண்டு சரியைக் கூட்டி இரண்டால் வகுத்து, ஒரு தீர்மானமும் போடாத வருஷத்தைக் கண்டுபிடித்திருந்தேன்.

"ஆனா அண்ணா, நாலு எஞ்சின்லயும் ஒரே மாதிரிதானே வந்துச்சு?" என்று அவள் எனக்காகப் பரிந்து பேசினாள். ஆமாம், அதைத்தான் நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தில் நாலு என்றால் அசைக்க முடியாத மெஜாரிட்டி.

தீபாவளிக்கு வந்த என் மச்சான் மகன், சென்னையில் ஐ.டி. வேலை, அந்த எக்ஸெல்லைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரிக்காமல் இருந்தான். மரியாதைக்காரன். அப்புறம் கேட்டான்: "மாமா, இதுல பிங், யாஹூ, டக்டக்கோ, இகோசியா நாலும் ஒரே வீடு, தெரியுமா?"

தெரியாது. யாஹூ 2009இல் மைக்ரோசாஃப்ட்டோடு ஒப்பந்தம் போட்டு, அதற்கப்புறம் பெரும்பாலும் பிங்கிடமிருந்துதான் பதில் வாங்கிக் கொடுக்கிறது. டக்டக்கோ காட்டுகிற சாதாரண இணைப்புகளில் பெரும்பாலானவை பிங்கிலிருந்து வருபவை. இகோசியாவும் வருஷக்கணக்காக அங்கேதான் வாங்கியது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி வைப்பார்கள், அவ்வளவுதான். 2024 மே மாதம் ஒருநாள் பிங் படுத்துவிட்டது. டக்டக்கோவும் இகோசியாவும் கூடவே படுத்துவிட்டன. அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிராட்பேண்டு கேபிளை எலி கடித்துவிட்டது என்று நினைத்தேன். ஆள் கூப்பிட்டுக் காசும் கொடுத்தேன்.

மருமகன் கணக்கும் போட்டுக் காட்டினான். பிங் பத்தாவதாக வைக்கிற பக்கத்துக்கு நாலு வீட்டு ஓட்டும் விழுந்தால், 70இல் நாலு. கூகுள் மட்டும் முதலாவதாக வைக்கிற பக்கத்துக்கு 61இல் ஒன்று. பத்தாம் இடத்துக்காரன் முதலிடத்துக்காரனை மூன்றரை மடங்கு வித்தியாசத்தில் தோற்கடிக்கிறான். இத்தனை நாள் ஐந்து பேரிடம் விசாரித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஒருத்தரிடம் நாலு தடவையும் இன்னொருத்தரிடம் ஒரு தடவையும்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தான். ஒரே பக்கம் போன் முகவரியில் ஒரு தடவை, கணினி முகவரியில் ஒரு தடவை என்று இரண்டாக உட்கார்ந்திருந்தது. அதற்கு விழ வேண்டிய மார்க் பிளந்து போயிருந்தது. 2024 தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் வேறு சில ஓ. பன்னீர்செல்வங்களும் நின்றார்கள் அல்லவா. அங்கே ஒரு பெயரில் பல ஆள். இங்கே ஓர் ஆளே பல பெயரில். எண்ணுகிறவன் தலை சுற்றுவது ஒன்றுதான். அதிலும் அங்கே எண்ணியவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

சிவப்பு வட்டத்துக்காக இரண்டாவது கல்வெட்டைப் பற்றி மறுபடி உட்கார்ந்து படித்தேன், இந்தத் தடவை சராசரி எடுக்காமல். ஊரை 30 குடும்பாகப் பிரித்திருக்கிறார்கள். குடும்பு என்றால் வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். நம்பிமாரில், அதாவது கோயில் பூசாரிகளில், மூத்தவர் எல்லாரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் கொட்டிக் குலுக்கி, அவனே ஓர் ஓலையை எடுப்பான். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் படித்ததையே, சுற்றி இருக்கிற நம்பிமாரும் ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். இப்படி 30 பேர். அதில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

முப்பது பட்டியலை ஒன்றாக்கியிருக்கிறார்கள், கவனித்தீர்களா. யார் முதல், யார் பத்தாவது என்ற பேச்சே இல்லை. போர்தாவும் இல்லை, 60உம் இல்லை. ஒரு பையன் கைவிட்டான், முடிந்தது.

மூளையெல்லாம் அதற்கு முந்தைய கட்டத்தில் செலவாகியிருக்கிறது: யார் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்பதில். மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவன் கூடாது. முன்பு இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் கூடாது. அவனுடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள் கூடாது, அத்தை மகன் கூடாது, மாமன், மாமனார், மனைவியின் சகோதரன், மருமகன், தகப்பன், மகன் யாரும் கூடாது. சொந்தபந்தம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வெட்டியிருக்கிறார்கள். யாஹூ பிங்குக்கு என்ன முறை வேண்டும் என்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பட்டியலில் எங்காவது மாட்டியிருக்கும்.

நானும் மாட்டினேன். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வாடகைக் கடை, வாடகை வீடு, தெரிந்தது எக்ஸெல், அதுவும் அரைகுறை. அந்தப் பெண் நேராகவே கேட்டாள்: "பொம்பளைங்க பேர எழுதுனாங்களாண்ணா?" இல்லைம்மா. நிலம் இல்லாதவர்கள் பெயர்? அதுவும் இல்லை. பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரம்மதேய ஊரின் சபை அது. குடத்துக்குள் போகும் முன்பே ஊரில் பாதிக்கு மேல் வெளியே நின்றிருக்கிறது. ஜனநாயகத்தின் தாய்வீடு என்று கவர் பக்கத்துக்கு நான் போட்டுக் கொடுத்திருந்த தலைப்பை அவள் ஒயிட்னர் வைத்து அழிக்கப் பார்த்தாள். லேமினேஷன் மேல் ஒயிட்னர் ஒட்டவில்லை.

"கல்வெட்டைப் பார்த்துட்டே எழுதிடலாமாண்ணா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கடையைச் சார்த்திவிட்டு, இரண்டு பேரும் நடந்து போனோம். வெயில் தாழ்ந்த நேரம், கல்லெல்லாம் எழுத்து. வரி வரியாக, இடைவெளி இல்லாமல், எங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களே வெட்டி வைத்தது. இதைவிட நம்பகமான ஒரிஜினல் எங்கே கிடைக்கும்? நான் ஒரு வரிமேல் விரலை வைத்து, சத்தமாகப் படித்துக் காட்ட வாயைத் திறந்தேன்.

ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. பத்தாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து, நடு நடுவே கிரந்தம். 'ம' மாதிரி ஒன்று இருந்தது, அதுவும் 'ம' இல்லை என்று அவள் சொன்னாள். கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பக்கம் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். நான் படிக்கிற மாதிரி உதட்டை அசைத்தேன்.

"அண்ணா, போட்டோ எடுத்துக்கிட்டு கடைக்குப் போயிடலாம். என்ன எழுதியிருக்குன்னு தேடிப் பாக்கலாம்."

"எந்த எஞ்சின்ல?" என்றேன்.